புழுதித் தடத்துப் பெண்கள்

1960 ரோம் ஒலிம்பிக்கின் பழைய படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பெண்கள் நூறு மீட்டர் இறுதி ஓட்டம். நெடுநெடுவென்று உயரமான ஒரு பெண் பாதித் தூரம் தாண்டியதும் மற்றவர்களை விட்டு விலகிப் போகிறார். அவசரமே தெரியவில்லை. கைகள் தளர்வாக வீசுகின்றன, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. 11.0 விநாடி. இரண்டாவதாக வந்த பிரிட்டனின் டோரதி ஹைமனுக்கு 11.3. நூறு மீட்டரில் அந்த இடைவெளி என்றால் கிட்டத்தட்ட மூன்று மீட்டர். ஓடியவர்களுக்குத் தெரியும், மூன்று மீட்டர் என்பது வேறு ஊர்.

வில்மா ருடால்ஃப். இவர் கதையை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். போலியோ வந்த குழந்தை, காலில் இரும்புச் சட்டம், பிறகு மூன்று தங்கப் பதக்கம். அற்புதம்! கைதட்டல். நடுவில் ஒன்றுமே நடக்காதது போல.

எனக்கு அந்த நடுப்பகுதிதான் வேண்டும். சட்டத்தைக் கழற்றியதற்கும் ரோமுக்கும் இடையில் ஒரு கல்லூரி இருந்தது. நாஷ்வில்லில், டென்னசி ஸ்டேட். அந்தக் கல்லூரியைப் பற்றித்தான் இந்தக் குறிப்புகள்.

*

அதே ரோமில் பெண்கள் நாலு பேர் தொடர் ஓட்டம். அமெரிக்க அணி: மார்த்தா ஹட்சன், பார்பரா ஜோன்ஸ், லூசிண்டா வில்லியம்ஸ், கடைசியில் வில்மா. நாலு பேரும் ஒரே கல்லூரி. அணியின் கோச் எட் டெம்பிளும் அதே கல்லூரி. ஒரு நாட்டின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு ஒரு கல்லூரி அணி ஓடியிருக்கிறது. அரையிறுதியில் 44.4 விநாடி, உலக சாதனை.

நாலு வருடம் முந்தைய மெல்பர்ன் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். மே ஃபாக்ஸ், மார்கரெட் மாத்யூஸ், வில்மா, இசபெல் டேனியல்ஸ். அங்கேயும் நாலு பேரும் டெம்பிளிடம் ஓடியவர்கள்தான். வெண்கலம். வில்மாவுக்கு அப்போது வயது 16, இன்னும் பள்ளிக்கூடப் பெண்.

*

வில்மாவின் ஊரான கிளார்க்ஸ்வில்லிலிருந்து நாஷ்வில்லுக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர். வில்மாவின் அம்மா பிளான்ச் வீட்டு வேலை செய்தவர். அப்பா ரயிலில் சுமை தூக்கியவர். அவருக்கு இரண்டு தாரத்திலுமாக 22 பிள்ளைகள், வில்மா இருபதாவது. ஊரில் கறுப்பினத்தவருக்கு வைத்தியம் கிடைப்பது அரிது என்பதால், வாரம் ஒரு முறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா நாஷ்வில்லுக்குப் பஸ் ஏறுவார். மெஹாரி மருத்துவக் கல்லூரி, கறுப்பின மருத்துவர்களை உருவாக்கிய இடம். பஸ்ஸில் பின் இருக்கைதான். அப்படி இரண்டு வருடம். மற்ற நாட்களில் வீட்டிலேயே காலைத் தேய்த்துவிட வேண்டும். அண்ணன் அக்காமார் முறைவைத்து ஒரு நாளைக்கு நாலு தடவை தேய்த்தார்கள். சட்டமும் தடித்த பூட்ஸும் போய் சாதாரண நடை வர 12 வயதானது.

மெஹாரியும் சரி, டென்னசி ஸ்டேட்டும் சரி, வடக்கு நாஷ்வில்லில் ஜெஃபர்சன் தெருவை ஒட்டிய இடங்கள். ஒரு முனையில் நோயாளியாகப் போய் இறங்கிய பிள்ளை, அதே தெருவின் அடுத்த முனையில் ஓட்டக்காரியாகப் போய் இறங்கியிருக்கிறது. ஊர் வரைபடத்தில் இதைப் பார்த்த அன்று வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

டெம்பிள் வில்மாவைக் கண்டுபிடித்தது ஓட்டத்தில் அல்ல, கூடைப்பந்தில். பள்ளிகளுக்கிடையிலான ஆட்டங்களுக்கு அவர் நடுவராகப் போவார். நீண்ட கால், ஒட்டி உலர்ந்த உடம்பு, ஓயாத ஓட்டம். பள்ளிக் கோச் அந்தப் பெண்ணுக்குக் கொசு என்று பெயர் வைத்திருந்தார், எங்கே திரும்பினாலும் ரீங்காரம் இடுகிறாள் என்று. டெம்பிள் அவளைக் கல்லூரியின் கோடைப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்.

அதற்கு முன் ஒரு தோல்வி இருக்கிறது. அலபாமாவின் டஸ்கீகி கல்லூரியில் பள்ளி மாணவிகளுக்கான போட்டி. தெற்கில் கறுப்பினப் பெண்கள் ஓட்டத்துக்கு அதுதான் முதல் வீடு. 1948இல் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற ஆலிஸ் கோச்மன் அங்கே படித்தவர். சொந்த ஊரில் யாரிடமும் தோற்காத வில்மா அங்கே ஓடிய எல்லா ஓட்டத்திலும் தோற்றார். வேகம் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தவருக்கு, ஓட்டம் என்பது கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம் என்று தெரிந்த நாள் அது. அற்புதக் கதை சொல்கிறவர்கள் இந்த நாளை விட்டுவிடுகிறார்கள். எனக்கு ரோமுக்கு அடுத்தபடி முக்கியமான நாள் இதுதான்.

*

கோடைப் பயிற்சி மூன்று வேளை. விடிவதற்கு முன்னாலேயே முதல் வேளை ஆரம்பித்துவிடும். டென்னசியின் கோடை வெயில் லேசானதல்ல.

தாமதமாக வந்தால் நிமிடத்துக்கு ஒரு சுற்று. வில்மா ஒரு நாள் தூங்கிப்போய் அரைமணி நேரம் தாமதம், முப்பது சுற்று ஓடினார். மறுநாள் பயிற்சி தொடங்க அரைமணிக்கு முன்பே தடத்தோரம் உட்கார்ந்திருந்தார். தூக்கம் மட்டும் கடைசிவரை அவரை விடவில்லை. ரோமில்கூட ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவே படுத்துத் தூங்கியவர் அவர். பெரிய போட்டி நாளில் உடம்பைப் பதறவிடாமல் வைத்துக்கொள்வது எவ்வளவு அரிய திறமை என்று போட்டிக்குப் போனவர்கள் அறிவார்கள்.

*

எட் டெம்பிள் பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்கில் 1927இல் பிறந்தவர். டென்னசி ஸ்டேட்டில் ஓட வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார். 1953 முதல் 1994 வரை பெண்கள் அணிக்குக் கோச். அதோடு சமூகவியல் பாடமும் நடத்தினார். கோச் வேலை மட்டும் சோறு போடுகிற காலமல்ல அது.

நல்ல ஓடுதடம் கிடையாது, புழுதி மண். பணம் கிடையாது. விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. பெண்கள் கல்லூரி வளாகத்திலேயே தினமும் இரண்டு மணி நேரம் வேலை செய்து அதில் கட்டணத்தைக் கழித்தார்கள். வகுப்பு, வேலை, பயிற்சி, படிப்பு. வெளியூர்ப் போட்டிக்கு ஸ்டேஷன் வேகனில் நெருக்கியடித்துப் பயணம். வழியில் ஓட்டலில் உள்ளே விடமாட்டார்கள், கழிப்பறைக்குள்ளும் விடமாட்டார்கள். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு புறப்படுவார்கள். வண்டியை ஓரம் கட்டினால் வயல்தான். அப்படிப் போய் இறங்கி, காலை உதறிக்கொண்டு, நாட்டிலேயே வேகமான பெண்கள் என்று பெயர் வாங்கித் திரும்புவார்கள்.

டெம்பிளின் மனைவி சார்லி பி. டெம்பிளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அந்தப் பெண்களுக்கு நாஷ்வில்லில் இருந்த இன்னொரு வீடு அவருடையது.

*

அணியின் பெயர் டைகர்பெல்ஸ். கல்லூரிச் சின்னம் புலி. பெல் என்றால் அமெரிக்கத் தெற்கில் நல்ல குடும்பத்து அழகிய பெண்ணைக் குறிக்கும் சொல். வெள்ளைப் பெண்களை மட்டுமே மனதில் வைத்துப் புழங்கிய சொல்லை எடுத்துக் கறுப்பினப் பெண்களுக்குச் சூட்டியிருக்கிறார்கள். புலியும் சீமாட்டியும் சேர்ந்த பெயர்.

டெம்பிளின் விதிகளும் அந்தப் பெயரைப் போலத்தான். பையன்களின் காரில் ஏறக்கூடாது. மதிப்பெண் குறையக்கூடாது. ஓட்டம் முடிந்ததும் தலைவாரிக்கொள்ளாமல் புகைப்படக்காரர் முன்னால் நிற்கக்கூடாது. முதலில் படித்தபோது இந்தக் கடைசி விதி எனக்கு உறுத்தியது. ஓடி ஜெயித்த பெண் எதற்கு அழகாகவும் தெரிய வேண்டும்? பிறகு அந்தக் காலத்துப் பத்திரிகைகள் ஓட்டக்காரிகளைப் பற்றி எழுதியதைப் படித்தேன். ஆண்பிள்ளை உடம்பு, பெண்மை கெட்டுவிடும் என்றெல்லாம். கறுப்பினப் பெண் என்றால் இன்னும் இரண்டு மடங்கு. டெம்பிள் தன் பெண்களுக்குக் கவசம் தேடியிருக்கிறார். உறுத்தல் முழுதும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் யாருக்குப் பயந்து அந்தச் சீப்பை எடுத்தார்கள் என்பது புரிகிறது.

*

ஒரு கணக்கு. அமெரிக்காவின் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் ஆண்களுக்கான தடகளப் போட்டியை 1921இல் தொடங்கியது. அதே சங்கம் பெண்களுக்கு அந்தப் போட்டியை நடத்தியது 1982இல். நடுவில் 61 வருடம்.

அதாவது, உலகின் மிக வேகமான கல்லூரிப் பெண் கலந்துகொள்ள அந்தச் சங்கத்திடம் ஒரு போட்டியும் இல்லை. வில்மாவும் தோழிகளும் ஓடியது அமெச்சூர் சங்கத்தின் தேசியப் போட்டிகளில், நகரக் கிளப் அணிகளோடு. கல்லூரி ஓட்டக்காரி என்று ஓர் இனம் இருப்பதையே விளையாட்டு உலகம் ஒப்புக்கொள்ளாத காலத்தில் டெம்பிள் அந்த இனத்தை ஒரு புழுதி மைதானத்தில் வளர்த்துக்கொண்டிருந்தார்.

*

மே ஃபாக்ஸ். 1948, 1952, 1956 என்று மூன்று ஒலிம்பிக் போனவர். குள்ளமான உருவம். அணியில் மற்றவர்களுக்கு அக்கா மாதிரி. 1956 தேர்வு ஓட்டத்தின்போது பயந்து கிடந்த 16 வயது வில்மாவிடம், என் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு ஓடு, நான் போகிற இடத்துக்கு நீயும் வந்துவிடுவாய் என்கிற விதமாகச் சொல்லியிருக்கிறார். வில்மா அப்படியே செய்தார். இருவருமே மெல்பர்னுக்குப் போனார்கள்.

போட்டியாளரைக் கூடவே இழுத்துக்கொண்டு போவது! தன் லேனுக்கு வெளியே பார்க்காதே என்றுதான் எல்லாக் கோச்சும் சொல்லிக்கொடுப்பார்கள்.

மெல்பர்னில் இருநூறு மீட்டரில் வில்மா இறுதிக்கு வரவில்லை. தொடர் ஓட்டத்தின் வெண்கலத்தோடு ஊருக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எல்லோரும் பதக்கத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். கைரேகை படிந்து மங்கிப்போனது. துடைத்துத் துடைத்துப் பார்த்தும் வெண்கலம் பளபளக்கவில்லை, அதனால் அடுத்த முறை தங்கத்துக்குப் போவது என்று முடிவு செய்தேன் என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார்.

*

1958. பள்ளிக் கடைசி வருடத்தில் வில்மா கருவுற்றார். பெண் குழந்தை, யோலாண்டா. தாயான பெண்ணை அணியில் சேர்ப்பதில்லை என்பது டெம்பிளின் விதிகளில் ஒன்று. வில்மாவுக்காக அதைத் தளர்த்தினார். குழந்தையைக் குடும்பம் பார்த்துக்கொண்டது, வில்மா அந்த வருடமே கல்லூரியில் சேர்ந்தார்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான ஓட்டக்காரிகளின் கதை முடிந்துபோயிருக்கிறது. எங்கேயும் பதிவாகாமல், ஊரில் ஒரு காலத்தில் நன்றாக ஓடிய பெண் என்ற பேச்சோடு. இங்கே முடியாமல் போனதற்கு ஒரு கோச் தன் விதியைத் தானே மாற்றிக்கொண்டதும், கிளார்க்ஸ்வில்லில் ஒரு வீட்டில் தொட்டிலை ஆட்ட ஆளிருந்ததும் காரணம். இரும்புச் சட்டத்தைப் பற்றி எழுதும் அளவுக்கு இந்தத் தொட்டிலைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

*

1960இன் தொடக்க மாதங்களில் நாஷ்வில் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். பிப்ரவரி 13 அன்று கறுப்பின மாணவர்கள் நகரின் மையக் கடைகளில் சாப்பாட்டு மேடைகளில் போய் உட்கார்ந்தார்கள். ஃபிஸ்க், மெஹாரி, அமெரிக்கன் பாப்டிஸ்ட், டென்னசி ஸ்டேட் மாணவர்கள். அடி வாங்கினார்கள், கைதானார்கள், மறுநாள் வேறு மாணவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மே 10 அன்று அந்த மேடைகள் கறுப்பினத்தவருக்குத் திறந்தன.

அந்த மூன்று மாதமும் வில்மா அதே நகரத்தில் ஒலிம்பிக்குக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். ஜூலை 9, டெக்சாஸின் கார்ப்பஸ் கிறிஸ்டியில் இருநூறு மீட்டரை 22.9 விநாடியில் ஓடினார். 23 விநாடிக்குள் அந்தத் தூரத்தை ஓடிய முதல் பெண்.

*

வில்மாவின் ஸ்டார்ட் சுமார்தான். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆறு அடியைத் தொடும் உயரம், நீண்ட தொடை. பிளாக்கிலிருந்து அந்த உடம்பு மடிந்து விரிய நேரமெடுக்கும். குட்டையான ஓட்டக்காரிகள் முதல் இருபது மீட்டரில் முன்னால் போய்விடுவார்கள். வில்மாவின் ஓட்டம் நாற்பதுக்குப் பிறகுதான் தொடங்கும். நிமிர்ந்து, காலடி நீண்டு, வேகம் ஏறிய பிறகு அதைக் கடைசிவரை விடாமல் வைத்திருப்பார்.

இறுகாமல் ஓடுவதுதான் டெம்பிள் கற்றுக்கொடுத்த பாடம். விரலைப் பொத்தாதே, தாடையைக் கடிக்காதே, தோளைத் தூக்காதே. கேட்க எளிது. பக்கத்து லேனில் ஒருத்தி மூச்சிரைக்க முந்தும்போது தோளைத் தூக்காமல் இருந்து பார்க்க வேண்டும்.

ரோமில் நூறு மீட்டருக்கு முந்தைய நாள் புல்வெளியில் ஒரு குழியில் கால் வைத்துக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். கட்டுப் போட்டுக்கொண்டு ஓடினார். அரையிறுதியில் 11.3, உலக சாதனைக்குச் சமம். இறுதியில் 11.0, ஆனால் பின்காற்று விநாடிக்கு 2.75 மீட்டர். அனுமதி 2 மீட்டர்தான். ஆகவே சாதனைப் பட்டியலில் ஏறவில்லை. தங்கத்துக்குக் காற்றுக் கணக்குக் கிடையாது.

இருநூறில் முதல் சுற்றில் 23.2, ஒலிம்பிக் சாதனை. இறுதியில் எதிர்காற்று. 24.0தான், ஆனாலும் ஜெர்மனியின் யூட்டா ஹைனை விட 0.4 முன்னால்.

தொடர் ஓட்ட இறுதியில் லூசிண்டா வில்லியம்ஸிடமிருந்து பேட்டன் கைமாறும்போது தடுமாற்றம். பேட்டன் மாற்ற அப்போது 20 மீட்டர் இடம். அதற்குள் மாற்றாவிட்டால் அணியே வெளியே. வில்மா கிட்டத்தட்ட நின்று வாங்க வேண்டியிருந்தது. ஜெர்மன்காரி முன்னால் போய்விட்டார். பிறகு அந்த நீண்ட கால்கள். 44.5. ஒரே ஒலிம்பிக்கில் தடகளத்தில் மூன்று தங்கம் வென்ற முதல் அமெரிக்கப் பெண்.

மூன்றில் எது பெரிது என்று கேட்டால் நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். நாஷ்வில்லில் ஒரே மண்ணில் ஓடிய நாலு பேர் ரோம் மேடையில் ஒன்றாக ஏறியது அந்த ஒரு தடவைதான்.

*

அக்டோபர் 4. கிளார்க்ஸ்வில் ஊர் வரவேற்பு. கறுப்பினத்தவருக்குத் தனி, வெள்ளையருக்குத் தனி என்று எதுவும் வைத்தால் நான் வரமாட்டேன் என்று வில்மா சொல்லிவிட்டார். அந்த ஊர்வலமும் இரவு விருந்தும்தான் கிளார்க்ஸ்வில்லில் இரு சாராரும் சேர்ந்து கலந்துகொண்ட முதல் பொது நிகழ்ச்சி. 20 வயதுக் கல்லூரிப் பெண் வைத்த நிபந்தனை.

*

1961 ஜூலை, ஸ்டுட்கார்ட். நூறு மீட்டர் 11.2, இந்த முறை காற்றும் சரி, உலக சாதனை. அந்த வருடம் அமெரிக்காவின் சிறந்த அமெச்சூர் விளையாட்டு வீரருக்கான சல்லிவன் விருது.

பணம் மட்டும் வரவில்லை. அமெச்சூர் விதி. ஓடிச் சம்பாதித்தால் அடுத்த போட்டியில் ஓட முடியாது. உலகமே பெயர் சொல்லும் பெண் செமஸ்டர் கட்டணத்துக்கு வளாகத்தில் மணிக்கணக்கில் வேலை செய்ய வேண்டும். இதை எழுதும்போது கோபம் வருகிறது. ஒலிம்பிக் வர்ணனையாளர்கள் அந்தக் காலத்தைத் தூய்மையான காலம் என்பார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு அது தூய்மையாக இருந்திருக்கலாம்.

1962 ஜூலையில் ஸ்டான்ஃபோர்டில் சோவியத் அணியோடு போட்டி. நூறு மீட்டரில் வென்றார். தொடர் ஓட்டத்தில் பின்னால் கிடந்து பேட்டன் வாங்கி முந்தினார். அதன் பிறகு விலகிவிட்டார். வயது 22. 1964 டோக்கியோவுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதிலின் சாரம்: அங்கே மூன்றுக்குக் குறைவாக வென்றால் தோற்றுவிட்டேன் என்பார்கள்.

நான் நினைத்துக்கொள்வது வேறு. அவர் ஓட்டத்துக்கு இருந்த ஒரே கூரை கல்லூரிதான். படிப்பு முடிந்தால் கூரையும் முடிந்தது. 22 வயதில், இன்றைக்கு ஓட்டக்காரிகள் உச்சத்தைத் தொடக்கூட ஆரம்பிக்காத வயதில்.

*

டெம்பிளின் கணக்கு: 40 ஒலிம்பியன்கள், 23 பதக்கங்கள், அவற்றில் 13 தங்கம். 2016இல் இறந்தார். அவரைக் கேட்டால் பதக்கத்துக்கு முன் பட்டத்தைச் சொல்வார் என்று அவரிடம் ஓடியவர்கள் சொல்கிறார்கள். அந்த ஒலிம்பியன்களில் கிட்டத்தட்ட அத்தனை பேரும் பட்டம் வாங்கினார்கள்.

ஜார்ஜியாவின் கிரிஃபின் ஊரிலிருந்து ஒரு பெண் 1961இல் அவருடைய கோடைப் பயிற்சிக்கு வந்தார். வயோமியா டையஸ். 1964 டோக்கியோவில் நூறு மீட்டர் தங்கம். 1968 மெக்சிகோவில் மறுபடியும் தங்கம், 11.0, உலக சாதனை. ஒலிம்பிக் நூறு மீட்டரைத் தொடர்ந்து இரண்டு முறை வென்ற முதல் ஆள், ஆண் பெண் இருபாலரிலும். டோக்கியோவில் அவருக்கு அடுத்ததாக வந்தவர் எடித் மக்வயர், அதே டைகர்பெல்ஸ் அணி. எடித் இருநூறில் தங்கம் வாங்கினார்.

*

1963 மே மாதம் வில்மா டென்னசி ஸ்டேட்டில் தொடக்கக் கல்வியில் பட்டம் பெற்றார். கிளார்க்ஸ்வில்லுக்குத் திரும்பி, தான் சிறுமியாகப் படித்த காப் தொடக்கப் பள்ளியிலேயே ஆசிரியை வேலைக்குச் சேர்ந்தார். இரும்புச் சட்டத்தோடு போய் உட்கார்ந்த பள்ளி அது. மற்ற பிள்ளைகள் ஓடி விளையாடுவதை ஓரமாக இருந்து பார்த்த மைதானமும் அங்கேதான் இருந்தது.